கணக்கில் வராத மூச்சு

பணி ஓய்வுக்குப் பிறகு என்னிடம் வருகிற கேள்விகள் இரண்டு வகை. உறவுக்காரர்கள் ஆதார் அட்டையில் பெயர் திருத்துவது எப்படி என்று கேட்பார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவள் என்றால் சென்சஸ் எடுக்கிறவள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அது மாறவில்லை. நானும் விட்டுவிட்டு இப்போது ஆதார் திருத்தத்தில் தேறிவிட்டேன். இன்னொரு வகைக் கேள்வி, நான் வேலை பார்த்த ஜவுளி ஆய்வு மையத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகளிடமிருந்து வருவது. போன மாதம் அவர்களில் ஒருத்தி, கவிதா, போன் செய்தாள்.

"மேடம், ‘சிக்னிஃபிகன்ட்’ங்கற வார்த்தையையே ரிப்போர்ட்ல எழுதக் கூடாதுன்னு ஒரு கோஷ்டிங்க. அது இல்லாம எப்படி முடிவு சொல்றதுன்னு இன்னொரு கோஷ்டி. செமினார்ல ரெண்டு புரொபசருங்க சாப்பாட்டு நேரத்துலகூட விடலீங்க. உங்க காலத்துல இந்தச் சண்டையெல்லாம் இருந்துச்சுங்களா?"

இருந்ததா என்றால், அந்தச் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்துதான் நான் தொழிலே கற்றுக்கொண்டேன். எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன். சூத்திரம் எதுவும் வராது. ஒரு பஞ்சுக் கொட்டகையும் சில மனிதர்களின் மூச்சும்தான் வரும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்களுடையது தறிக் குடும்பம். முருகனுக்கு அடுத்தபடி நூலைத்தான் கும்பிடுவோம். கோவையில் படித்து முடித்து, திருப்பூரிலேயே வேலை கிடைத்ததால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். சேர்ந்த புதிதில் நூலின் வலு, துணியின் சுருக்கம், சாயம் போகிறதா நிற்கிறதா என்பதற்கெல்லாம் சராசரி போட்டேன். நூல் லீவு எடுக்காது, வெட்கப்படாது. எந்த நூல்கண்டை எடுத்து வைத்தாலும் சொன்ன இடத்தில் நிற்கும். மனிதர்களை அளக்கப் போன பிறகுதான் எனக்கு எவ்வளவு கொஞ்சம் தெரியும் என்பது தெரிந்தது.

அந்தப் பக்கம் என்னை இழுத்தவர் எங்கள் துறைத் தலைவர் கோமதி மேடம். திருநெல்வேலிக்காரர். எத்தனை காலம் திருப்பூரில் இருந்தும் அவர் வாயில் எங்கள் பக்கத்து ‘ங்க’ ஒட்டவில்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே கிடையாது. நாம் கொண்டுபோன தாள் சரியாக இருந்தால் மேஜையில் வைத்துக்கொள்வார். தப்பாக இருந்தால் அதைக் கவிழ்த்து நம் பக்கம் நகர்த்துவார். எங்கே தப்பு என்று சொல்ல மாட்டார். நாமேதான் தேட வேண்டும்.

அவர் மேஜையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் உண்டு. அட்டவணையை முன்னால் வைத்ததும் அந்த ஸ்கேலை எடுத்துக் கடைசிப் பத்தியை மூடிவிடுவார். கடைசிப் பத்தியில்தான் பி மதிப்பு இருக்கும். இதைப் படிக்கிற எல்லாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். இரண்டு கூட்டத்தாரை அளக்கிறோம். சராசரியில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. உண்மையில் இருவருக்கும் நடுவே எந்த வித்தியாசமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வெறும் தற்செயலாக இவ்வளவு பெரிய வித்தியாசம் நம் கையில் வந்து விழ எவ்வளவு வாய்ப்பு? அந்த எண்தான் பி மதிப்பு. அது மிகச் சின்னதாக இருந்தால், ‘இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது’ என்று எழுதுவார்கள்; கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும். அதன் வேலை அவ்வளவுதான். சரியான ஆட்களைத்தான் அளந்தோமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நாங்களோ அந்த நட்சத்திரத்தைக் கண்டால் தீபாராதனையைக் கண்டதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

"வித்தியாசம் எவ்வளவுன்னு மொதல்ல பாரு. நட்சத்திரத்த ராத்திரி வானத்துல பாத்துக்கிடலாம்" என்பார் மேடம்.

இனி அந்தக் கொட்டகைக்கு வருகிறேன். பனியன் துணியின் ஒரு பக்கத்தைக் கம்பி முள் உருளைகளால் சுரண்டி மயிர் எழுப்புவதற்கு ரைசிங் என்று பெயர். குளிர் நாடுகளுக்குப் போகிற சட்டையின் உட்புறம் மெத்தென்று இருக்குமே, அது இப்படித்தான் வருகிறது. சுரண்டும்போது பஞ்சுத்தூள் கொட்டகை முழுக்கப் பறக்கும். வேலை முடிந்து வெளியே வருகிறவர்களின் புருவமும் மீசையும் வெளுத்து, ஒரே ஷிஃப்டில் வயசாகிவிட்டதுபோல் தெரிவார்கள். இந்தப் பஞ்சை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய்களைக் கொட்டகைகளில் அமைப்பது அவசியமா என்று ரைசிங் யூனிட் முதலாளிகளின் சங்கம் எங்களைக் கேட்டது. பஞ்சு நுரையீரலைக் கெடுக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால் குழாய் வரும். சொல்லாவிட்டால் வராது. இரண்டில் ஒன்று என்று பேசிவைத்துத்தான் ஆரம்பித்தோம்.

எங்களோடு கூட்டாகச் செய்தவர் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ராகவன். கெட்டிக்காரர், விதிமுறை என்றால் உயிர். ஆய்வு ஆரம்பிக்கும் முன்பே எதை அளப்போம், எப்படி ஒப்பிடுவோம் என்று எழுதி வைத்துவிட வேண்டும், பிறகு கைவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ரைசிங் ஆட்களையும், பஞ்சு அவ்வளவாகப் பறக்காத தையல் பிரிவு ஆட்களையும் அளந்து ஒப்பிடுவது என்று முடிவானது.

அளப்பது என்றால் ஊதச் சொல்வது. மூக்கில் கிளிப் மாட்டி, முழு மூச்சு இழுத்து, ஒரு அட்டைக் குழாயில் வாய் வைத்து, உள்ளே இனி ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் ஊத வேண்டும். எங்கள் டெக்னீஷியன் சேகர் பக்கத்தில் நின்று, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பார்க்கிறவர்களுக்கே மூச்சு வாங்கும். ஒழுங்கான ஊதல் மூன்று கிடைத்தால்தான் கணக்கு. பாதியில் நின்றாலோ இருமினாலோ அது செல்லாது.

முதலிபாளையம் பக்கம் ஒரு யூனிட்டில் ஆரம்பித்தோம். உபசாரத்துக்குக் குறைவில்லை. சூப்பர்வைசர் குமாரசாமி எங்களுக்கென்று தனி அறையைக் கழுவிவிட்டு, ஃபேன் மாட்டி, இளநீர் வெட்டி வைத்திருந்தார். ஆட்கள் தலை வாரி, சட்டை மாற்றி, வரிசையாக வந்து ஊதினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ரைசிங்கில் பல வருடம் இருந்தவர்களின் மூச்சு, தையல் ஆட்களின் மூச்சைவிட நன்றாக இருந்தது. நட்சத்திரமும் விழுந்திருந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மேடம் ஸ்கேலை வைத்து மூடினார். படித்தார். ஸ்கேலை எடுக்கவே இல்லை.

"பஞ்சத் திங்கத் திங்க நுரையீரல் பலமாகுதுன்னு சொல்லுதியா?"

"கணக்கு அப்படித்தான் மேடம் வருது."

"கணக்கு சரியாத்தான் இருக்கும். வந்தவங்கள அளந்துட்டே. வராதவங்க யாரு?"

 ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே என்று ஏதோ முனகினேன். "கிளறின பானைக்குத்தான் ஒரு சோறு பதம். கிளறாத பானையில மேல இருக்கத எடுத்துப் பாத்தா, அடி தீஞ்சது தெரியுமா?" என்றார். அப்புறம் தாளைக் கவிழ்த்து என் பக்கம் நகர்த்தினார். இரண்டு நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் அந்த யூனிட்டுக்குப் போய்வரச் சொன்னார்.

போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததுமே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் அளந்த முகங்களோடு, அளக்காத முகங்களும் மெஷின்களில் நின்றன. வாயில் துண்டு கட்டிய ஒரு பெண் உருளைக்குத் துணி கொடுத்துக்கொண்டே இருமினாள். அந்தப் பக்கம் இன்னொருவர் இருமினார். குமாரசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, இவர்களெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டேன்.

அவர் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. "அன்னைக்கு லீவு குடுத்து ஊட்டுக்குத் தாட்டியுட்டேனுங்க."

"ஏனுங்க?"

"நீங்க அத்தன பேரு வந்திருக்கறீங்க. ஒறம்பரை வர்ற எடத்துல இருமிட்டு இருக்கறவங்களக் கொண்டாந்து உங்க மூஞ்சிக்கு நேரா ஊதச் சொல்றதுங்களா? மருவாதையா இருக்குமுங்களா? சம்பளத்தோடதானுங்க லீவு குடுத்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எத்தனையோ பாடப் புத்தகங்களில் எத்தனையோ வகைப் பிழைகளைப் படித்திருக்கிறேன். மரியாதையால் வருகிற பிழை எதிலும் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மறைக்கவில்லை; விருந்தாளிகளுக்கு வாழைப்பழத்தில் நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பதுபோல ஆட்களையும் எடுத்து வைத்திருந்தார்.

அந்தத் துண்டு கட்டிய பெண் டீ நேரத்தில் என்னிடம் வந்தாள். பாக்கியம் என்று பெயர். ராகவன் சார் சங்கத்துக்காரர்களிடம் முதல் முடிவைக் கோடி காட்டியிருந்தார். அது எனக்கு முன்னால் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தது.

"பஞ்சு ஒண்ணும் பண்றதில்லைன்னு நீங்க கண்டுபுடிச்சீங்களாமா?"

"இன்னும் முடிவாகலீங்க" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு இதே மிஷின்ல நின்னவருங்க. மூச்சு முட்டுதுன்னுட்டு நின்னு போயி, இப்ப குன்னத்தூர்ல எங்க மாமியாரூட்டுல இருக்கறாரு. வேலைக்குப் போக ஒடம்பு வளையலே, நடிக்கறான்னு அவங்கண்ணனே சொல்றாருங்க. நேத்து போன் பண்ணி, ‘பாத்தியா, ஆராய்ச்சிக்காரங்களே சொல்லிப்போட்டாங்க’ன்னாரு." துண்டை அவிழ்த்து உதறினாள். "அப்ப அவரு பொய் சொல்றாருங்களா மேடம்?"

நான் பத்து நிமிடத்துக்கு முன் ஒரு தலைகீழ் முடிவைக் கணக்குப் பிழை என்று பார்த்துக்கொண்டிருந்தவள். அது ஒரு மனுஷனைப் பொய்யனாக்கியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. இல்லீங்க என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அதற்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது. "நல்லாப் பாத்துட்டு வந்து சொல்றேனுங்க" என்று மட்டும் சொன்னேன்.

லீவில் அனுப்பப்பட்டவர்களையும் சேர்த்து மறுபடி அளந்தோம். இந்த முறை இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நட்சத்திரம் போய்விட்டது. எங்கள் மையத்தின் ஹாலில் கூட்டம் போட்டார்கள். கல்லூரிக்காரர்கள் முன்வரிசையில், சங்கத்துக்காரர்கள் பின்வரிசையில். அங்கே நடந்ததைத்தான் கவிதா கேட்ட சண்டை என்று சொல்வேன்.

ராகவன் சார் எழுந்தார். "ரெண்டு தடவை அளந்தாச்சு மேடம். வித்தியாசம் இல்லைன்னு வந்துடுச்சு. பாதிப்பு இல்லைன்னு எழுதி முடிச்சுடலாம்."

"தெரியலன்னு எழுதுங்க சார், இல்லன்னு எழுதாதீங்க" என்றார் மேடம். "வெளக்க அணச்சிட்டுத் தேடிப் பாத்துட்டு, வீட்டுல பாம்பு இல்லன்னு சொல்லுத மாதிரி இருக்கு. வேலைய விட்டுட்டுப் போனவங்கள நாம அளக்கவே இல்ல. பஞ்சு ஒத்துக்காதவன் அங்க நின்னுகிட்டா இருப்பான்? நிக்க முடிஞ்சவங்க மட்டும்தான் பழைய ஆளுங்க."

 அதற்கு ராகவன் சார் கேட்டது இது. "முதல் ரிசல்ட் பிடிக்கல, ஆள் சேர்த்தீங்க. ரெண்டாவதும் பிடிக்கல, இன்னும் சேர்க்கணும்ங்கறீங்க. பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் தேடிட்டே போனா அது ஆராய்ச்சியா? முதல் தடவையே பஞ்சு கெடுதல்னு வந்திருந்தா, விட்டுப் போனவங்களைத் தேடியிருப்பீங்களா மேடம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாக்கியத்தின் முகம் கண்ணில் நின்றது. மேடம் இவரை ஒரு வாங்கு வாங்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்கேலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தேடியிருக்க மாட்டேன்" என்றார். "நீங்க சொல்லுதது சரி. எனக்கும் அதுதான் பயமா இருக்கு."

ஒரு துறைத் தலைவர், நிறைந்த ஹாலில், தன்னை எதிர்த்துப் பேசுகிறவரிடம் இப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் அதிகம் காணவில்லை.  இரண்டு பேரும் சரி என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. வராதவர்களைத் தேடாவிட்டால் பொய் வரும். நமக்கு வேண்டியபடி தேடினாலும் பொய் வரும். அந்த இரண்டு பொய்க்கும் நடுவில் போகிற பாதை அவ்வளவு குறுகலானது.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். டீ ஆறிப் போனது. ராகவன் சார் ஒவ்வொரு விதியாகச் சொல்ல, மேடம் ஒவ்வொன்றிலும் ஓட்டை தேட, நான் எழுதினேன். ரைசிங்கை விட்டுப் போனவர்களைத் தேடினால் தையலை விட்டுப் போனவர்களையும் அதே பாடுபட்டுத் தேட வேண்டும். ஒருவருக்கு எத்தனை முறை அலைகிறோமோ மற்றவருக்கும் அத்தனை. ஊதச் சொல்கிற சேகருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. மூன்று ஒழுங்கான ஊதல் இல்லாதவரைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. என்ன முடிவு வந்தாலும் இத்தோடு நிறுத்த வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு அலைந்தோம். திருப்பூரில் வேலையை விட்டுப் போனவரைத் தேடுவது கரைத்த உப்பைத் தேடுவதுபோல. வேலம்பாளையம் லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகக் கேட்டோம். தையலை விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் நல்ல காரியத்துக்குப் போயிருந்தார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்திக்குக் குழந்தை. ஒருவர் சொந்தமாக நாலு மெஷின் போட்டு முதலாளியாகியிருந்தார். அவர் ஊதிய வேகத்தில் அட்டைக் குழாய் கழன்று பறந்தது, சேகர் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். வடநாட்டுக்குத் திரும்பிப் போனவர்களை எங்களால் எட்ட முடியவில்லை. ‘எட்ட முடியவில்லை’ என்றே எழுதச் சொன்னார் மேடம். அந்த வரியையும் அவர் ஒரு முடிவாகத்தான் மதித்தார்.

குன்னத்தூருக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாக்கியம் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். அவள் கணவர் பழனிச்சாமி வாசலில் நாற்காலி போட்டு, முன்பக்கம் குனிந்து, முழங்கால்களில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். எந்தப் பிரிவில் வேலை செய்தோம் என்று சேகரிடம் சொல்லக் கூடாது என்று நான் முன்பே கேட்டுக்கொண்டதால், சேகர் சும்மா ஊர்ப் பேச்சு பேசினால்கூட மனைவியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கிளிப்பை மாட்டி ஊதச் சொன்னோம். இழுத்த மூச்சை அவரால் விட முடியவில்லை. குழாயில் ஏதோ சீறியது, இருமல் வந்தது, நின்றது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. மறுபடி இருமல். சேகரின் "இன்னும், இன்னும்" எனக்கே கேட்கப் பொறுக்கவில்லை.

"முடீலீங்க" என்றார் பழனிச்சாமி.

"இன்னொருக்கா பாக்கலாமுங்களா?"

"ஊத முடீலீங்க அம்மிணி. பொய்யில்லீங்க."

கருவியின் திரையில் ‘செல்லாது’ என்று வந்தது. வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்த அவர் அண்ணன், "மெசினே ஒத்துக்கலையாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் வேறு எங்கேயோ பார்த்தேன். ஏனென்றால் என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் கையெழுத்துப் போட்ட விதிப்படி அவர் கணக்கில் வரமாட்டார். மூச்சு கெட்டவர்களைத் தேடி அவ்வளவு தூரம் வந்து, மூச்சு கெட்டுப் போனதாலேயே அவரை வெளியே தள்ளப்போகிறோம்.

எல்லாம் முடிந்து கணக்கைப் பிரித்தோம். இந்த முறை ரைசிங் பக்கம் மூச்சு குறைவாகவே வந்தது. ஆனால் எவ்வளவு குறைவு என்பதில் மங்கல். மிகக் கொஞ்சமாகவும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம். ஆமா இல்லையா என்று கேட்டுக்கொண்டிருக்கிற சங்கத்துக்காரர்களிடம் இதைக் காட்டினால் ‘கொஞ்சம்தானே’ என்று எழுந்து போய்விடுவார்கள். பழனிச்சாமி அந்தச் சராசரியில் இல்லை.

மேடம் வெகுநேரம் தாளைப் பார்த்தார். விதியை மாற்றலாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஏன், மாற்றுங்களேன் என்று நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்லா" என்றார். அவ்வளவுதான்.

ராகவன் சார் எதிரில் இருந்தார். "செல்லாதுன்னு நீக்கினவங்க யார் யார் எந்தப் பிரிவு? பாத்தீங்களா?" என்று என்னிடம் கேட்டார். பார்க்கவில்லை. நீக்கியவர்களை யார் பார்க்கிறார்கள்? சேகருக்குத் தெரியாமல் வைத்திருந்த பிரிவுக் குறிப்பை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ரைசிங். ரைசிங். ரைசிங். ஒரு தையல் வந்தது. மறுபடி ரைசிங், மறுபடி ரைசிங். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

 தற்செயல் என்பது எவ்வளவு பெரிது என்று அதுவரை வியந்திருக்கிறேன். தற்செயல் இல்லாதது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் தடவை மரியாதை அவர்களை மறைத்தது, அடுத்த தடவை வேலையை விட்டது மறைத்தது, கடைசியில் எங்கள் விதியே மறைத்தது. நாங்கள் எந்தப் பக்கம் வலை வீசினாலும் அதே ஆட்கள் அதே ஓட்டை வழியாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது.

ராகவன் சார்தான் முதலில் பேசினார். "விதியை மாத்த வேண்டாம் மேடம். சராசரி அப்படியே நிக்கட்டும், மங்கலோட. ஆனா ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல அது வேண்டாம். விதிப்படி யாரை நீக்கினோம், ஏன் நீக்கினோம், அவங்க எந்தப் பிரிவு. அதை முதல் அட்டவணையா போடுவோம்."

மேடம் அவரைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. "நீங்க அன்னைக்கு என்னைய மடக்கலன்னா இது கெடைச்சிருக்காது சார்" என்றார். "நான் விதியே இல்லாம எல்லாரையும் அள்ளிப் போட்டுருப்பேன். ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க."

சங்கத்துக் கூட்டத்தில் முதல் அட்டவணையைத் திரையில் போட்டோம். எவ்வளவு குறைவு, ஏன் மங்கல் என்று நான் தயார் செய்து வைத்திருந்த விளக்கத்துக்கெல்லாம் வேலையே வரவில்லை. பாக்கியம் வேலை செய்த யூனிட்டின் முதலாளி, விவசாயக் குடும்பத்துக்காரர், வயதானவர், எழுந்து நின்று திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார்.

"இத்தன பேருக்கு ஊதவே முடியலீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"இவங்கெல்லாம் நம்முளுதுல நின்ன ஆளுங்களா?"

"பெரும்பாலும் உங்களுதும், அக்கம்பக்கத்து யூனிட்டும்தானுங்க."

அவர் திரும்பி உட்கார்ந்தார்.  அவருடைய கொட்டகையில் குழாய் வந்தது. அவரைப் பார்த்து இன்னும் சிலர் போட்டார்கள். எல்லாரும் போட்டார்கள் என்று சொன்னால் நானும் ஒரு தப்பான சராசரி சொன்னவளாவேன். போடாதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கவிதா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்த வார்த்தையை எழுதலாமா கூடாதா என்று உங்கள் புரொபசர்கள் சண்டை போடட்டும், நல்ல சண்டைதான். எதிர்க் கட்சிக்காரர் நல்லவராக அமைந்தால் அந்தச் சண்டையைப்போல ஒரு பாக்கியம் இல்லை. கடைசியாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ரிப்போர்ட் வந்த பிறகு, பாக்கியத்துக்குக் கொடுத்த வாக்குக்காக மறுபடி குன்னத்தூர் போனேன். அவளும் அங்கே வந்திருந்தாள். இப்போது மூக்கில் பஞ்சு வருவதில்லை என்றாள். பழனிச்சாமி அதே நாற்காலியில் இருந்தார். அவருக்கு வந்தது பஞ்சினால்தான் என்று ஒரு தனி மனிதரைக் காட்டி எங்கள் கணக்கால் சொல்ல முடியாது. கூட்டத்தைப் பற்றித்தான் சொல்ல முடியும். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் அண்ணனும் வாசற்படியில் வந்து நின்றிருந்தார்.

"அன்னைக்கு எனக்கு ஊத முடியலீங்களே. அப்ப என்னைய என்னன்னுங்க எழுதுனீங்க?"

"ஊத முடியலேன்னுதானுங்க எழுதினோம். மொதல் பக்கத்துல."

அவர் மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"நாஞ் சொன்னதத்தானுங்க எழுதியிருக்கறாங்க" என்றார்.